ராட்டினத்தின் முதல் சுற்று

ராட்டினத்துக்காரிக்கு,

இன்று காலை என் சேலையில் தேநீர் கொட்டிவிட்டது. சூடு பட்டதும் முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

அப்புத்தளைக்குக் கீழே இருக்கும் இந்தப் பூங்காவில் நாம் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு டிக்கெட் ஜன்னல், உனக்குப் பெரிய ராட்டினம். மாடிப்படி ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற உனக்கு அந்த வேலையைக் கொடுத்த புண்ணியவானை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் தினமும் ஆட்கள் வருமுன், விளிம்பு வரை பால் விடாத பிளேன்டீ ஊற்றிய கோப்பையோடு நீதான் முதலில் ஏறி உட்காருவாய். மெக்கானிக் லீவரைத் தள்ளுவார். மூன்று சுற்று. தேநீர் சிந்தாமல் இறங்கினால் கேட் திறக்கும். சிந்தினால் மெக்கானிக் ஸ்பேனரோடு மேலே ஏறுவார். எதற்கு இந்த வீம்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"பயப்படுறவதான்டி மொதல்ல ஏறணும். தைரியசாலிக்கு ஆட்டம் தெரியாது."

பழைய முதலாளி இருந்தவரை உன் கோப்பைக்கு மரியாதை இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அந்தம்மா இறங்கட்டும் என்பார். அவர் விற்றதும் ஒரு கம்பெனி வந்தது. புதுப் பெயின்ட், ஸ்பீக்கர், நமக்கெல்லாம் தொப்பி. கிரீஸ் மட்டும் வரவில்லை. மெக்கானிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். நமக்கு அது புதிதா என்ன? நம் லயத்து வீட்டுக் கூரை ஒழுக ஒழுகத் தேயிலைத் தோட்டத்துப் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிய கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பஸ்ஸில் வந்த அன்று உன் கோப்பையில் பாதி சிந்தியது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினாய். மனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்தபோது நீ கேட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"என்னையத் தாண்டிதான் சார் பிள்ளைங்க போகணும்."

டீச்சர்மார் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப்போனார்கள். மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது அச்சில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அச்சை மாற்றினார்கள், உன்னையும் மாற்றினார்கள், கையில் விளக்குமாறு கொடுத்து. அன்று மாலை பஸ்ஸில் நான் அழ, நீ வடையைப் பிய்த்து என் கையில் வைத்தாய்.

"நீ டிக்கெட் வித்தது சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒனக்கும் வீட்ல அடுப்பெரியணும்ல."

நீ ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நீ படுக்கையில் விழுந்தபோது ராட்டினத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் கோப்பையும் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் பூங்கா மறுபடியும் கை மாறியது. புது மனேஜர் மரியாதையாகத்தான் பேசுகிறார். இன்று மூன்றாவது சுற்றில் தேநீர் கொட்டியபோது வாசலில் வேன்கள் வந்து நின்றன. இன்றைக்கு மட்டும் திறந்துவிடலாமே என்றார். எனக்குப் பயம்தான், உன்னிடம் மறைப்பதற்கென்ன. நேரே போய் டிக்கெட் ஜன்னலைச் சாத்தினேன்.

மனேஜர் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் மேலே ஏறியிருக்கிறார். நான் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.