பின்சீட்டில் ஒரு வாரம்

ஆகஸ்ட் 14, புதன்

கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. ஸ்கிப்டனில் மூக்குக்கண்ணாடி உடைந்தவர்கள் எல்லாரும் விடுமுறைக்கு முந்தின வாரம்தான் ஓடி வருவார்கள். மாலையில் தேவாலயக் கோபுரத்தில் மணியடிக்கும் பயிற்சி; ஆளுக்கு ஒரு மணி, ஒரு கயிறு. அடுத்த புதன் வரமாட்டேன் என்றதும் எங்கள் குழுத் தலைவர் ரெஜினால்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "அப்போ நாலாவது மணியை அடிக்க யாரு? அந்தக் கயிறு உன் கைக்குத்தானே படியும்." சும்மா சொன்னதுதான். ஆனாலும் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

சனிக்கிழமை கிளம்புகிறோம். நான், அப்பா, அண்ணன் கிரகாம், அண்ணி பிலிப்பா, அவர்கள் மகள் எடித். அப்பாவுக்கு எண்பத்து மூன்று ஆகிவிட்டது, தெற்கே எல்லாம் சுற்றிக் காட்டிவிடலாம் என்று அண்ணன் ஏற்பாடு. கடைசியில் டெவன் கடற்கரையில், சிட்மத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். அதைப் பற்றி இன்றைக்கு எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஊர்ந்தோம். அப்பா முன்னால், வண்டி ஓட்டும் அண்ணன் பக்கத்தில். பின்னால் நாங்கள் மூன்று பெண்கள். என் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது. எடித் குழந்தையாக இருந்தபோது போட்ட பூட்டு; அவளுக்கு இப்போது பதினைந்து வயது, இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை வண்டி நின்றதும் யாராவது சுற்றி வந்து திறந்துவிட வேண்டும்.

"ஐயோ ஹேசல், மறந்தே போச்சு, மன்னிச்சுக்கோ," என்கிறார் அண்ணி.

"பரவாயில்லை அண்ணி."

ஒரே நாளில் எத்தனை பரவாயில்லை!

ஆகஸ்ட் 18, ஞாயிறு

விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் எடித்தும் ஒரே அறை. தனியாக இருக்க இந்த ஒரு கதவுதான்.

எழுதித் தொலைக்கிறேன். போன கிறிஸ்துமஸ் அன்று, வாய் நிறைய புட்டிங் வைத்திருந்தபோது அண்ணி கேட்டார்: "அப்பாவுக்கு இனிமே மாடிப்படி ஏற முடியாது. நீயும் அவரும் கடலோரமா ஒரு சின்ன வீட்டுக்குப் போயிட்டா என்ன?" நான் விழுங்கிவிட்டு, "பரவாயில்லையே," என்றேன்.

அவ்வளவுதான். மார்ச்சில் வீடு தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்? சூப் உப்புக் கரித்தால் பரவாயில்லை. முடி வெட்டுபவள் தலையைக் குதறிவிட்டால் பரவாயில்லை. அம்மா சாகும்போது, வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டதற்கு அம்மா சொன்னதும் அதுதான். பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் மனம் நோக வேண்டாம் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சொல். அண்ணி வேறு வீட்டுப் பெண், அவருக்குத் தெரியாது. கிரகாம் என்னோடு அதே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனுக்குத் தெரியாதா?

எடித் கதவைத் தட்டுகிறாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஸ்டோன்ஹெஞ்ச், அந்தப் பழங்காலக் கல்வட்டம். மழை. கயிறு கட்டித் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? வெறும் கல்லு," என்றாள் எடித்.

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெகு நேரம் பார்த்தார். "பரவாயில்லை. நிறையக் கல்லு."

வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சாலிஸ்பரி. தேவாலயம் அழகு. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று கேள்வி வந்தது. "எனக்கு எதுன்னாலும் சரி," என்றார் அண்ணி. "அப்பா இஷ்டம்," என்றான் அண்ணன். "நீங்க பசங்களா பாத்துக்குங்க," என்றார் அப்பா. "ஐயோ, யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லித் தொலைங்களேன்!" என்று எடித் கத்தினாள். நான் என்ன சொன்னேன்? எனக்கும் எதுவானாலும் சரி என்றேன். மீன் தின்ன வேண்டும் போல் நாக்கு ஊறிக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றி வந்ததில் எல்லாக் கடையிலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்று உருளைக்கிழங்கு வறுவல் தின்றோம்.

அங்கேதான் அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். "சிட்மத் வீடு... உங்களுக்குத்தான் வீண் சிரமம் அண்ணா. வேண்டாமே."

"சிரமம் என்ன சிரமம்? உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்!" தோளில் தட்டினான்.

"என் வேலை வேற இருக்கு..."

"மூக்குக்கண்ணாடிக் கடை அங்கே இல்லையா? கெழவங்க ஊரு. கடைக்குக் கடை கண்ணாடிதான். அதுவுமில்லாம நீ தனி ஆள்தானே, எங்கே இருந்தா என்ன?"

நீ தனி ஆள்தானே. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பெட்டிபோல் தூக்கி இடம் மாற்ற இந்த மூன்று சொல் போதும். அறைந்திருக்க வேண்டும். வறுவல் பையை நீட்டி, "இன்னும் வேணுமா அண்ணா?" என்று கேட்டேன். ச்சே.

ஆகஸ்ட் 21, புதன்

இந்நேரம் ஸ்கிப்டனில் மணிக்கயிற்றைப் பிடித்திருப்பார்கள். நாளைக்கு அந்த சிட்மத் வீடு.

ஆகஸ்ட் 22, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வாடகை வீடு. மாடி கிடையாது. வயதானவர்களுக்கென்றே கட்டின சின்னச் சின்ன வீடுகளில் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் கடல். அப்பா ஜன்னலருகே போய் நின்றவர் திரும்பவே இல்லை. எனக்கு உரிய அறை சமையலறைக்குப் பின்னால். துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கட்டியதோ என்னவோ. அண்ணி அளவுநாடாவைப் பிரித்து, "கட்டில் போடலாம் ஹேசல், அலமாரிதான் இடிக்கும்," என்றார். ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். இங்கே படுத்து, இங்கே எழுந்து, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பிறகு நானும் கிழவியாகி...

அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம். காற்றும் மழையும் பிய்த்து வாங்கின. வெளியே இறங்க வழியில்லை. எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: காரைக் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றோம். இரண்டு பக்கமும் அதேபோல் கார்கள், உள்ளே அதேபோல் மெல்லும் வாய்கள். பிளாஸ்க் தேநீரின் ஆவியில் கண்ணாடி மங்கி, கடலும் போய்விட்டது.

"வர்ற மாசமே சாமான் ஏத்திடலாம்," என்றான் அண்ணன்.

"நான் வரலை," என்றேன்.

"கழிப்பறைக்கா?" என்று கேட்டார் அண்ணி. "நாங்களும் போகலையே."

"இந்த வீட்டுக்கு. நான் வரமாட்டேன். எனக்கு இஷ்டமில்லை."

மெல்லும் சத்தம் நின்றது. எடித் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இயர்போனைக் காதிலிருந்து கழற்றினாள்.

அண்ணன் தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பரவாயில்லைன்னியே."

"அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும் கிரகாம்." அண்ணா என்று வரவில்லை. "நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் அதைப் பிடிச்சுக்கிட்டே. ஏன்னா அப்பாவை நீ பாத்துக்க வேண்டாம் பாரு."

அவன் காது சிவந்தது.

அப்பா திரும்பவில்லை. பிடரி மட்டும் தெரிந்தது. கையில் பாதி சாண்ட்விச். "பரவாயில்லைம்மா," என்றார்.

அந்தச் சொல்லையே சொன்னார். மார்பில் யாரோ காலை வைத்து அழுத்தியது போல் இருந்தது. இறங்கி ஓட வேண்டும் என்று கதவுப் பிடியை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"அத்தை, அது உள்ளேர்ந்து திறக்காது," என்றாள் எடித் மெதுவாக. அவளே மழையில் இறங்கி, சுற்றி வந்து திறந்துவிட்டாள். தடுப்புச் சுவர் வரை நடந்து, நனைந்து, வேறு எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்து ஏறினேன். அண்ணி டப்பாவை நீட்டி, "எலுமிச்சை கேக் எடுத்துக்கோயேன்," என்றார். "ரொம்ப நன்றி அண்ணி," என்று வாங்கிக்கொண்டேன்.

நான் செய்தது கொடுமையா? அப்பா ஜன்னலருகே நின்றாரே. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

திரும்புகிறோம். அண்ணன் வானொலிச் செய்தியைச் சத்தமாக வைத்தான்.

நெடுஞ்சாலைக் கடையில் மற்றவர்கள் வரிசையில் நிற்க, நானும் அப்பாவும் மேசையில். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரையே போடவில்லை.

"அப்பா, நேத்து நான்..."

"அந்தச் சின்ன ரூம் இருக்குல்ல," என்றார். "அதுல என் மரவேலைச் சாமானெல்லாம் வைக்கலாம்."

"நீங்க தனியாவா?"

"ஜன்னல்ல கடல் தெரியுது ஹேசல்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அது பிடிச்சிருந்தது," என்றார்.

பிடித்திருந்தது என்று இதற்கு முன் அவர் வாயால் கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் கையைப் பார்க்காமலே ஒரு தட்டுத் தட்டினார். தனியாக எப்படிச் சமாளிப்பார்? விழுந்துவிட்டால்? போய்ப் படுத்துக்கொள், அந்த அறையிலேயே கிட என்று எனக்குள் ஒன்று சொல்கிறது. அண்ணன் தட்டோடு வந்துவிட்டான்.

டிசம்பர் 1, ஞாயிறு

அப்பா தனியாகவே சிட்மத் வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து ஞாயிறுதோறும் ஃபோன். இன்றும் பேசினேன். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரயிலில் வருகிறேன், கேக்கும் கோழியும் நானே கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாகச் சமைக்கலாம் என்றேன். நவம்பர் முழுக்க இதைத்தான் திட்டமிட்டிருந்தேன்.

"வேண்டாம்மா," என்றார் அப்பா.

சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "சிரமம் எதுவும் இல்லப்பா."

"சிரமத்துக்குச் சொல்லலை. எனக்கு வேலை இருக்கு. பக்கத்து வீட்டு மேபல் இங்கே இருக்கற எல்லாருக்கும் வாத்து சமைக்கிறா, நான் மேசை செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கேன். ஒரே கூட்டமா இருக்கும், சின்ன ரூம் முழுக்க மேசைப் பலகை கிடக்கு, உனக்குப் படுக்க இடமில்லை. ஜனவரியில வா."

"சரிப்பா."

வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சமையலறையிலேயே நின்று நன்றாக அழுதேன். நான் இல்லாமல் என்ன ஆவாரோ என்று இத்தனை வாரம் பயந்தவள், நான் இல்லாமல் அவர் நன்றாக இருக்கிறார் என்றதும் அழுகிறேன். என்ன பிறவி நான்?

கிறிஸ்துமஸ் அன்று எனக்கு மட்டும் சமைக்க வேண்டும். எனக்கு என்ன பிடிக்கும் என்று வெகு நேரம் உட்கார்ந்து யோசித்தேன். கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் நாங்கள் தின்ற வான்கோழி பிடிக்காது. இதுவரை அது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.