குறுக்கே வராத நாய்

12 ஜூன் 2024

கடைக்கு இன்று ஒரு அம்மாள் பில் இல்லாமல் ரவிக்கைத் துணி மாற்ற வந்தார். "பில் இல்லாம மாத்த முடியாதுங்க" என்றேன். நேரு வீதி ஜவுளிக்கடையில் பதினோரு வருஷமாக நின்றுகொண்டு சொல்கிற பேச்சுதான். இன்றைக்கு வாய் கசந்தது.

வீட்டுக்கு வந்து எல்லா பில்லையும் கட்டிலில் கொட்டிக் கூட்டினேன். கால் ஆபரேஷன், உள்ளே வைத்த ராடு, ஒன்பது நாள் ரூம், மருந்துக்கடை, ஸ்கேன், வாக்கர். இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம். ஆட்டோவுக்குக் கொடுத்தது, இளநீர், வீட்டுக்கு வந்து முட்டியை மடக்கிவிடுகிறவருக்குக் கொடுத்தது - இதற்கெல்லாம் பில் ஏது?

இதில் பிரேம்குமார் கொடுத்தது பதினைந்தாயிரம். அவன்தான் இடித்தவன். மார்ச் பதினெட்டாம் தேதி என் வீட்டுக்காரர் கனகசெட்டிக்குளத்தில் சவாரியை இறக்கிவிட்டு டாக்ஸியில் திரும்பி வந்துகொண்டிருந்தார். பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் இவன் தன் காரில் ஒரு பஸ்ஸை முந்துகிறேன் என்று எதிர்ப்பக்கம் ஏறி நேராக வந்து மோதினான். இவர் தன் பக்கத்தில்தான் வந்திருக்கிறார். தப்பு இவர் மேல் கடுகளவும் இல்லை.

மீதிப் பணம் என் எட்டு பவுன். மகள் சுடர்விழிக்கென்று வைத்திருந்தது. இப்போது அடகுக்கடையில் இருக்கிறது.

15 ஜூன்

பிரேம்குமார் போன் எடுக்கவில்லை.

16 ஜூன்

எடுக்கவில்லை. சுடர்விழி போனிலிருந்து அடித்தேன், எடுத்தான். என் குரலைக் கேட்டதும் "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று வைத்துவிட்டான். எனக்கு நன்றாகக் கேட்டது.

19 ஜூன்

யாரிடமும் சொல்லாததை இதிலாவது எழுதி வைக்கிறேன்.

அன்றைக்குக் கடையிலிருந்து அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரேம்குமார் வாசலிலேயே நின்றான். சட்டையெல்லாம் இவர் ரத்தம். "அக்கா, தப்பு என் மேலதான்க்கா. கேஸுன்னு போனா ரெண்டு வண்டியும் ஸ்டேஷன்ல நின்னு துருப்பிடிச்சுப் போயிடும். முழுச் செலவும் நான் பாத்துக்கறேன்க்கா" என்று அழுதான். அழுதானே! எனக்கும் இவர் வண்டிக்கடன்தான் ஞாபகம் வந்தது. வண்டி ஸ்டேஷனில் நின்றால் தவணை யார் கட்டுவது?

ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கினேனா? இல்லை. ஆஸ்பத்திரி எதிரே இருக்கிற பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணு என்றேன். உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கை சுட்டிருக்கும். ஒருத்தன் சூடம் அணைத்துவிட்டுப் பேச்சு மாறுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் நாலு தலைமுறைச் சண்டை அப்படித்தான் தீர்ந்திருக்கிறது.

உள்ளே போனேன், அவனும் கூட வந்தான். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். சின்ன வயசுப் பிள்ளை. "நாய் குறுக்க வந்துச்சு சார், திருப்பினாரு, மரத்துல மோதிட்டாரு" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "வேற வண்டி எதுவும் மோதலையே? நிச்சயமா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

நிச்சயம் என்றேன்.

இவர் மயக்கத்தில் இருந்தார். இவருக்குத் தெரியாது. முழுச் செலவும் அவனே தருகிறான், அதனால் கேஸ் வேண்டாம் என்று விட்டேன் என்று மட்டும் பிறகு சொன்னேன்.

3 ஜூலை

கருவடிக்குப்பத்தில் பிரேம்குமார் வாடகை வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். உட்காரச் சொன்னான். காபி கொடுத்தார்கள், குடிக்கவில்லை. பில்களை டீப்பாயில் வைத்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் மனுஷத்தன்மையில பதினஞ்சாயிரம் குடுத்தேன். அதுக்கு மேல எங்கிட்ட ஏது? இடிக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு."

அப்போதுதான் புரிந்தது, கேஸ் வேண்டாம் என்று ஏன் அழுதான் என்று. என் வண்டிக்காக இல்லை.

"சூடம் அணைச்சியேப்பா" என்றேன்.

"ஆஸ்பத்திரியில நாய் குறுக்க வந்துச்சுன்னுதான எழுதியிருக்கு? நீங்கதானக்கா சொன்னீங்க? அப்புறம் நான் எதுக்குக் குடுக்கணும்?"

கத்தவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அக்கா, அக்கா என்று மரியாதையாகவே சொன்னான். பாவி. நான்தான் தெருவில் நின்று கத்தினேன். உன் கை வெளங்குமாடா, சூடம் அடிச்ச கைடா அது என்று கத்தினேன். ஜன்னலெல்லாம் திறந்து பார்த்தார்கள். பஸ்ஸில் வரும்போது அழுகை நிற்கவில்லை, பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

5 ஜூலை

வக்கீல் செந்தமிழ்ச்செல்வி மேடத்தைப் பார்த்தேன். கடையில் என்னிடம்தான் புடவை எடுப்பார். எல்லாவற்றையும் சொன்னேன், நாயையும் சேர்த்து.

"சூடத்தைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியுமா சுமலதா?"

ஆறு மாசத்துக்குள் மனுப் போட வேண்டுமாம். அதற்கு முன்னால் போலீஸ் எப்.ஐ.ஆர் வேண்டும். செலவுக்கெல்லாம் பில் வேண்டும். "அன்னிக்கே உண்மையச் சொல்லியிருந்தா இதெல்லாம் தானா நடந்திருக்கும்மா" என்றார். தெரியாமலா இருக்கிறேன்?

19 ஜூலை

இரண்டு ஸ்டேஷனுக்கு நடந்து, அந்த ரோடு யார் எல்லை என்று அவர்கள் பேசி முடித்து, எப்.ஐ.ஆர் ஆகிவிட்டது. அந்த பஸ் கண்டக்டர் பார்த்ததைச் சொல்ல ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன், இன்னார் என்றே தெரியாது எனக்கு.

ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகலும் வந்தது. ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். இவர் வாங்கிப் படித்துவிட்டார்.

"எவன்டி இந்த டாக்டரு? நாயாம், நாயி! நீ கார் மோதிச்சுன்னு சொல்லலியா?"

"சொன்னேங்க. அவரு தப்பா எழுதிட்டாரு போல."

வாயிலிருந்து வந்துவிட்டது. இன்னொரு நாய்.

11 ஆகஸ்ட்

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மருந்துக்கடை பில்லெல்லாம் வழவழ காகிதம், எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. ரேஷன் கார்டு, சுடர்விழி மார்க் ஷீட், எல்லாவற்றையும் லேமினேட் பண்ணித்தானே வைத்திருக்கிறோம்? ஒரு ஷீட்டுக்கு எட்டு எட்டாக வரிசையாக அடுக்கி, நாலு ஷீட், ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். பேச்சு சுவாரசியத்தில் அவரும் ஒன்றன்பின் ஒன்றாக நாலையும் மிஷினில் விட்டுவிட்டார். அந்தப் பக்கம் வந்தது எல்லாம் கறுப்பு. தோசைக்கல் மாதிரி கறுப்பு.

"அய்யய்யோ அக்கா, இது சூடு பட்டா கறுத்துடும்க்கா" என்றார் இப்போது வந்து.

முப்பத்திரண்டு பில். லேமினேஷன் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

14 ஆகஸ்ட்

மருந்துக்கடையில் பழைய கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்களாம். கெஞ்சியதில் ஒன்பது பில் மறுபடி எடுத்துக் கொடுத்தார்கள். மீதி இல்லை.

10 செப்டம்பர்

மனுத் தாக்கல் ஆனது. கெடு முடிய எட்டு நாள் இருந்தது.

14 ஜனவரி 2025

பொங்கல். வண்டியை எடைக்குப் போட்ட பணம் கடனுக்கே பற்றவில்லை. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். இவர் முட்டி மடங்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

6 ஏப்ரல்

இவருக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டர் கதைதான். இன்று பால்காரரிடம். "மனுசன் உசுருக்குப் போராடறான், அந்தப் பொறுக்கி நாய் குறுக்க வந்துச்சுன்னு எழுதறான். அவன் புள்ளகுட்டி நல்லா இருக்குமா?" அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. இரண்டு தடவை கேட்டாரே.

இடித்தவனைக்கூட இவர் இப்படித் திட்டியதில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

28 ஆகஸ்ட்

நகை ஏலத்தில் போய்விட்டது.

29 ஆகஸ்ட்

"எனக்கு நகை வேணாம்மா, நான் வேலைக்குப் போய் வாங்கிக்கறேன்" என்கிறாள் சுடர்விழி. எரிந்து விழுந்தேன். அவள் ஆறுதல் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்கிற ஆத்திரம்தான்.

15 நவம்பர்

செவ்வாய்க்கிழமை என் சாட்சி. மேடம் ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பு ஒண்ணுதான் நமக்கு எதிரா இருக்கு. டாக்டர் தப்பா புரிஞ்சுக்கிட்டு எழுதிட்டாருன்னு சொல்லிடு. பதட்டத்துல என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லன்னாவது சொல்லு."

"சத்தியம் வாங்குவாங்களா மேடம்?"

"வாங்குவாங்க. அது ஒரு சடங்கும்மா. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன்.

17 நவம்பர்

தூக்கம் இல்லை. டாக்டர் தப்பாக எழுதினார் என்றால் பணம் வரலாம். இவருக்கும் தெரியாமலே போய்விடும். எல்லாருக்கும் நல்லது. யாருக்கு நஷ்டம்? அந்தப் பிள்ளைக்கு ஒரு கெட்ட பேர், அவ்வளவுதானே?

ஒன்றரை வருஷமாகப் பிரேம்குமாரை என்ன சொல்லித் திட்டினேன்?

18 நவம்பர்

கடவுள் அறிய உண்மை சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இவர் பின்னால் பெஞ்சில் தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கோபிநாத் சிரித்த முகம். "குறுக்க வந்த நாய் என்ன நிறம்மா?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"நாய் வரலைங்க. நான்தான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். முழுசாகச் சொன்னேன். அவன் அழுதது, சூடம், டாக்டர் இரண்டு தடவை கேட்டது. சொல்லச் சொல்லக் குரல் கம்மிவிட்டது, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள். சத்தமாகச் சொன்னேன்.

"அப்ப அன்னிக்குப் பொய், இன்னிக்கு மட்டும் உண்மையா?"

"ஆமாங்க. அன்னிக்குப் பொய். இன்னிக்கு உண்மை."

கூண்டை விட்டு இறங்கினேன். பெஞ்சில் இவர் இல்லை. வாசலுக்கு ஓடினேன். தடியை ஊன்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டேன். ஆட்டோ போய்விட்டது.

19 நவம்பர்

பேசவில்லை.

25 நவம்பர்

"உங்கம்மாவக் குழம்பு ஊத்தச் சொல்லு." நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். சுடர்விழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். திட்டினாலாவது தேவலை. அந்த டாக்டரைத் திட்டியதில் பாதியாவது என்னைத் திட்டக்கூடாதா?

22 டிசம்பர்

தீர்ப்பு. விபத்துக்குப் பிரேம்குமார்தான் காரணம் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. கண்டக்டர் சாட்சியும் நான் சொன்னதும் ஒத்துப்போனதாம். கண் கலங்கிவிட்டது, வக்கீல் மேடம் தோளைத் தட்டினார்.

ஆனால் பில் இருப்பதற்குத்தான் பணம். கறுத்துப் போனது, பில்லே இல்லாதது எல்லாம் போச்சு. வருமானத்துக்கும் காகிதம் இல்லை. எல்லாம் போட்டு ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். இன்சூரன்ஸ் இல்லாததால் பிரேம்குமார் கையிலிருந்து கட்ட வேண்டும். அவன் கருவடிக்குப்பம் வீட்டைக் காலி செய்து இரண்டு மாசம் ஆகிறது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவனைத் தேடிப் பிடித்து வசூலிக்க இன்னொரு மனுப் போட வேண்டுமாம், அதற்குத் தனிச் செலவு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

30 டிசம்பர்

கால் வீங்கியிருந்தது. ராடை எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இனி தனியாருக்குப் போக எதுவும் மிச்சமில்லை. காலை ஆறு மணிக்கு வரிசை. இவர் தடியை ஊன்றி முன்னால், நான் பையோடு பின்னால். கோர்ட்டிலிருந்து நாற்பத்திரண்டு நாள். ஒரு வார்த்தை இல்லை.

பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புதுச் சீட்டை எடுத்துவைத்து, "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பேனாவோடு என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அப்புறம் இவர் மெதுவாகத் திரும்பினார்.

"நீயே சொல்லு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கார் மோதிச்சும்மா. எதிர்ல வந்த கார். இவரு மேல தப்பில்ல."

அப்படியே எழுதினார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. சீட்டை நீட்டியதும் நான் வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் இவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.