எட்டு வீட்டுக்கும் ஒரே அரிசி

புதூர்நாடு,
12.11.1983

அன்புள்ள மகன் தீர்த்தகிரிக்கு அப்பா மாதையன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் மாடு கன்றும் சுகம். ஹைதராபாத்தில் உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நீ எழுதினால்தான் எங்கள் சுகம் முழுசாகும். முதலில் நல்ல சேதி, உன்மேல் விழுந்த பொய்யன் என்ற பேர் போய்விட்டது, இனி வயிறாரச் சாப்பிடு.

எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு சத்து என்று போட்ட உங்கள் ஆய்வுக்கூடத்துப் புத்தகத்தில் நம் மலைக்கீரை பாதி இல்லை, எங்கள் ஊரில் சாமையும் கேழ்வரகுக் களியும் கீரையும்தான் என்று நீ அதிகாரியிடம் சொல்லப்போய், அவரும் நம்பித் தராசோடு ஆள் அனுப்பி, வந்தவர்கள் எட்டு வீட்டிலும் அரிசி என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்குக் கோபம் வராதா. வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது என்ற உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதைச் செய்தது உன் அம்மாதான். வெளியாள் முன்னால் களி கிண்டுவது மானக்கேடு என்று பெண்களைக் கூட்டிப் பேசி, திருப்பத்தூரில் வாங்கிய இரண்டு கிலோ அரிசியை ஒரு வீட்டில் எடை போட்டதும் கொல்லைப்பக்கமாக அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, எட்டு வீடும் சுற்ற வைத்திருக்கிறாள். எனக்கே பிறகுதான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜீப் வந்தது. கனீஸ் ஃபாத்திமா என்று ஒரு டாக்டரம்மா, வாணியம்பாடிக்காரர், உங்கள் ஆபீஸ்தானாம். "இன்னாங்க இது, மூணு பேர் இருக்கற வூட்லயும் ரெண்டு கிலோ, பத்து பேர் இருக்கற வூட்லயும் ரெண்டு கிலோ, ஒரு கிராம்கூட தப்பல" என்று காகிதத்தை நீட்டினார். அம்மா அப்போது களி கிண்டிக்கொண்டிருந்தாள், மறைக்க ஏது நேரம். துடுப்பும் கையுமாக எழுந்து, "நாந்தாங்க செஞ்சேன், எம் புள்ள சொன்னதுதான் நெசம், அவன ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று அழுதுவிட்டாள். அந்தம்மா திட்டவில்லை. களியும் தொய்யக்கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், இன்னொரு உருண்டையும் வாங்கிக்கொண்டார். மூன்று நாள் தங்கி எல்லா வீட்டிலும் புதிதாக எடை போட்டார். பக்கத்து வீட்டுச் சடையன் மட்டும் தன் வீட்டுக் கணக்கில் கறியும் ஏறவேண்டும் என்று, கறி ஆக்குகிற நாள்வரை இருக்கச் சொல்லிக் கெஞ்சினான், இவனை என்ன செய்வது. புத்தகத்தில் இல்லாத கீரை ஐந்து என்றார், இதுவரை அதையெல்லாம் 'மற்ற கீரை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்களாம். தீர்த்தகிரி சொன்னது சரி என்று உன் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை எனக்குப் படித்தும் காட்டினார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நம் நிலத்துச் சாமையில் ஒரு படியும் கீரையும் கட்டி எடுத்துப் போயிருக்கிறார், உன் மேசைக்குத்தான் வரும். சத்தை அளக்க அரைத்து, எரித்துச் சாம்பலாக்கியும் பார்ப்போம் என்று அவர் சொன்னதும் அம்மா பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், தின்கிற தானியத்தை யாராவது எரிப்பார்களா என்று. அரைப்பது உங்கள் மகன்தான் என்ற பிறகுதான் கையை விட்டாள்.

நம் சாமி வேடியப்பன் துணையிருப்பார், வேலை நிலைத்து நீடூழி வாழ்வாய். பை வந்ததும் மறக்காமல் ஒரு கார்டு போடு. அம்மாமேல் கோபமில்லை என்று முதல் வரியிலேயே எழுது. அவள் தினமும் தபால்காரரைப் பார்க்கிறாள், கேட்கத்தான் பயப்படுகிறாள். படித்துக் காட்டுவது நான்தான், நீ எழுதாவிட்டாலும் அப்படித்தான் படிப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
மாதையன்