உளுந்தளவு சோடியம்

அன்புள்ள உனக்கு,

உன் அண்ணனைப் பற்றி இத்தனை வருஷம் நான் வாய் மூடி இருந்தது போதும். நீயும் அத்தையும் நலம்தானே? அவர்களுடைய முழங்கால் வீக்கம் வற்றியதா?

என் கையில் சின்னத் தீக்காயம்தான், பயப்படாதே. உன் அண்ணன் ஃபோனில் சொன்னதை மட்டும் நம்பாதே. அவர் நடத்தும் மையத்தில் நான் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை சொல்லித்தருகிறேன். சோடியத்தை அவர்களே உளுந்தளவு வெட்டித் தண்ணீரில் போடுவார்கள். நேற்று நன்கொடையாளர்கள் பார்க்க வந்தார்கள்.

"மாப்ளே, இத்துனூண்டு போட்டா எவன் கைதட்டுவான்?" என்று சிரித்தார் உன் அண்ணன். ஃபோட்டோவுக்காகப் பிள்ளைகளின் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவைத்தார். நான் தடுப்பதற்குள் நெல்லிக்காய் அளவுக் கட்டியைத் தொட்டியில் எறிந்தார். கண்ணாடித் தொட்டி வெடித்துச் சிதறியது; என் கையும் சுட்டது. முன்னால் நின்ற சிறுமியின் முகமெல்லாம் ரத்தம்.

"சார், எனக்குக் கண்ணு தெரியல சார்!" என்று அலறினாள்.

உன் அண்ணனின் சட்டையைப் பிடித்து அலமாரியில் மோதினேன். பல் உடையும்வரை அடித்தேன். பத்து வருஷமாக "நான் போட்டுக்கொடுத்த வேலை" என்று அவர் சொல்லிக்காட்டியதும் அந்த அடியில் இருந்தது. மறைக்கமாட்டேன்.

கட்டியைப் போட்டது நான் என்று எழுதித்தரச் சொல்கிறார். தந்தால் என் வேலை போகாது என்கிறார். தரமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு கண் போய்விட்டது.

அந்த அடிதடியில் என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது; வீட்டு அலமாரியில் பழையது இருக்கும், அனுப்பு. சட்டையில் பிய்ந்துபோன பொத்தான்களுக்குப் பதிலாகக் கொஞ்சம் பொத்தானும் வை. முடிந்தால் நீ இரண்டு வரி எழுது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. "உன் கணவன்" என்று எழுத வந்து நிறுத்திவிட்டேன். உன் அண்ணனை அடித்தவன் இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவரை கையெழுத்து வேண்டாம். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.