பதில் அளிக்கப்படவில்லை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள கவிநிலாவுக்கு,

புவனேஸ்வரில் புதுப் பள்ளி பழகிவிட்டதா? உன் கடிதத்தை வெகுநாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். அப்பாவின் கருமாதி முடிந்த பிறகுதான் பிரித்தேன். கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

இங்கே எல்லாரும் உன் அப்பாவைத்தான் சொல்கிறார்கள். “எதுத்த வூட்ல குந்திகினு சோறு துன்ன மனுசன், பேனாவால குத்திட்டாரு” என்று என் சித்தப்பா துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். படிக்காமல் நானும் அப்படிச் சொல்லக் கூடாது என்று நூலகத்துக்குப் போய்க் கணக்குத் தணிக்கைச் சட்டத்தை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

தணிக்கை அதிகாரியான உன் அப்பாவுக்கு, என் மாமாவுக்கு, எந்த அலுவலகத்துக்குள்ளும் போய்ச் சோதிக்க அதிகாரம் உண்டு. கணக்குகளைக் கொண்டுவரச் சொல்லலாம். கேள்வி கேட்கலாம். கண்டதை எழுதலாம். தண்டிக்கும் அதிகாரம் மட்டும் எந்தப் பிரிவிலும் இல்லை. நிவாரணக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட அப்பாவை சஸ்பெண்ட் செய்தது அவருடைய அலுவலகம்தான். மாமா எழுதியது ஒரே வரி: ‘கிடங்கில் குறைந்த போர்வைகள் பற்றிக் கேட்டதற்குப் பதில் அளிக்கப்படவில்லை.’ அது உண்மை. அப்பா பதில் எழுதவே இல்லை.

ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியாது. பதில் எழுதிக் கொடுத்துவிடும்படி அம்மா அவரிடம் எத்தனையோ முறை சொன்னாள். “பொங்கலுக்குப் பொங்கல் பானை மாத்திக்கிற வூடு. அவருக்குப் போயி எழுத்துல பதில் குடுத்தா மொறைச்சிக்கிட்ட மாதிரி ஆயிடும். நேர்ல சொல்லிக்கிறேன்” என்றார் அப்பா. அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா ஜன்னலில் இருந்தபடியே, “தணிக்கை முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க கலியமூர்த்தி, தப்பா நெனைக்காதீங்க” என்றாராம். அப்பா தப்பாக நினைக்கவில்லை. “நேர்மையான ஆளு” என்றுதான் எங்களிடம் சொன்னார். பிறகு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடினேன். இல்லை. திறக்க வேண்டும் என்றும் இல்லை.

போர்வைகள் எங்கே போயின என்று வைத்திக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புயலன்று தண்ணீர் ஏறியபோது அப்பா கிடங்கைத் திறந்து, கையெழுத்து வாங்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். கருமாதியன்று மீன் விற்கும் செல்வாம்பாள் அக்கா தன் போர்வையோடு வந்தாள். “எண்ணிக்கச் சொல்லு பாப்பா, இது கவருமெண்டு போர்வ. மீன் நாத்தம் மட்டும் என்னுது” என்றாள். எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். பிறகு அந்தப் போர்வையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்பா பெயருக்கு எதிரே அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. மாமா இடம் மாறிவிட்டதால் அந்தக் கோப்பு இனி அவர் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எழுதியதை அழிக்கச் சொல்லவில்லை, கவி. லீவுக்கு வரும்போது மாமாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வா. எதிர்வீட்டு மனிதராக உட்கார்ந்து, அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்கட்டும். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல். நீ நன்றாகப் படி. பொங்கலுக்கு உங்கள் பானையை அம்மா விளக்கித்தான் வைத்திருக்கிறாள்.

இப்போதும் உன் தோழி,
சுடர்விழி