மூன்று பதக்கங்கள், பணி வரலாற்றுடன்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவது உனக்கு இனிக்காது.

நேற்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்க டாக்டரிடம் போனேன். அவருடைய மாடிப்படிக்குக் கீழே ஒரு பழம்பொருள் கடை. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள், கண்ணாடிக்குப் பின்னால் உன் அண்ணனின் மூன்று பதக்கங்களையும் பார்த்தேன். நடுப் பதக்கத்தின் ரிப்பனில் நான் போட்ட தையல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: "மலைமுகட்டைப் பிடிக்கும் சண்டையில் முன்னின்று வீழ்ந்த கேப்டன். பதக்கங்கள் மூன்று, பணி வரலாற்றுடன்." 'வீழ்ந்த' என்பது மட்டும் சிவப்பு மையில்.

அது ஏன் சிவப்பு என்று கேட்டேன். "செத்தவங்களோடதுக்குத்தாம்மா மவுசு. உயிரோட திரும்பி வந்தவங்களோடதை யாரு கேக்கறா?" என்றான் கடைக்காரன், காய்கறி விலை சொல்வது போல. திரும்பி வந்திருந்தால் உன் அண்ணன் விலை போயிருக்க மாட்டாராம்! யார் விற்றது என்றேன். சொந்தத் தம்பியே தபாலில் அனுப்பினார், அட்டையில் இருப்பதும் அவர் எழுதிக் கொடுத்ததுதான் என்றான்.

உன் அம்மா கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உனக்கு அப்படி என்ன முடை? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இந்த வாரமே அவற்றைத் திருப்பி வாங்கு. அதுவரை என்னை அண்ணி என்று கூப்பிடாதே.

உன் அண்ணி


ஜூன் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

அப்படிக் கூப்பிடக் கூடாது என்றீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எழுதவில்லையே. பல் வலி குறைந்ததா? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்.

பதக்கங்களை அம்மா என் கையில்தான் கொடுத்தார். உங்களிடம் கொடுக்க நினைத்திருந்தால் கொடுத்திருப்பார். இங்கே ஷோகேஸில் என் மகளின் பரிசுக் கோப்பைகளுக்கே இடமில்லை. சேகரிக்கிறவர்கள் வெல்வெட்டில் வைத்து நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். கடை உங்கள் ஊரில் இருப்பது தெரியும். உங்கள் பல் டாக்டரின் படிக்கட்டுக்குக் கீழே இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு கடை பார்த்திருப்பேன்.

உங்களுக்காகக் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். என்னால் ஆகாது. அந்த அட்டையின் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்றுதான் புரியவில்லை. அண்ணன் மலையேறிச் சண்டை போட்டுச் செத்ததைத்தானே எழுதினேன்? ஊருக்கே தெரிந்த விஷயம்.

தங்கள் கொழுந்தன்


ஜூன் 15

தம்பிக்கு,

பதக்கங்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டன. நீ ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். உன் அண்ணன் எந்த மலையிலும் ஏறவில்லை. அடிவாரம் வரை சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகும் வழங்கல் பிரிவில் இருந்தார். அன்று டிரைவருக்குக் காய்ச்சல் என்று லாரியைத் தானே எடுத்தார். மழையில் ஒரு வளைவில் வண்டி உருண்டுவிட்டது. பின்னால் இருந்ததெல்லாம் உருளைக்கிழங்கு மூட்டை. கூட வந்த சிப்பாய் தலையில் கட்டோடு வந்து என்னிடமும் உன் அம்மாவிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போனான்.

கடைக்காரன் நம்பவில்லை. "ஓரத்தைப் பாருங்க" என்றேன். பதக்கத்தின் விளிம்பில் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். லென்ஸை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனான். "என்னம்மா இது, முன்பக்கம் புதுசு மாதிரி இருக்கு, பிரிவு பேரு இருக்கற எடம் மட்டும் தேஞ்சு கெடக்கு? யாரு இப்படித் தேய்ச்சது?" ஆனாலும் 'வழங்கல்' என்பதில் பாதி எழுத்து தப்பியிருந்தது. அவன் முகம் தொங்கிப்போனது. அட்டையை உருவிக் கிழித்தான். "நல்ல பீஸுன்னு நெனச்சேனே" என்று முனகிக்கொண்டே பித்தளை விலைக்குக் கொடுத்துவிட்டான்.

தேய்த்தது யார் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா துணியும் பாலிஷ் டப்பாவுமாக உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தவன்தான்.

முகட்டில் செத்தால் ஒரு விலை, வளைவில் செத்தால் ஒரு விலை. தூ! உன் அம்மா உன்னிடம் எப்போதோ உண்மையைச் சொல்லியிருப்பார். தெரிந்தே பொய்யெழுதி உடன்பிறந்தவனை விற்றிருக்கிறாய். இனி எனக்குக் கடிதம் போடாதே.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

உருளைக்கிழங்கா?

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. வீட்டில் சொன்னதை நம்பினேன். அண்ணன் எந்தப் பிரிவு என்று கேட்டால், "சண்டை போடற பிரிவுடா" என்பார் அம்மா. பரீட்சையில் மார்க் குறைந்தால், "மலையேறினவன் கூடப் பொறந்தவனா நீ?" பார்வை போதாது என்று ராணுவத் தேர்வில் என்னை இரண்டு முறை தள்ளினார்கள். அன்றிலிருந்து அம்மா என் தட்டில் சோற்றைப் போடும்போதுகூட முகம் பார்க்க மாட்டார். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன் நான். கல்யாண வீடுகளில் என்னை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். 'கேப்டனோட தம்பி'. எனக்கென்று ஒரு பெயர் இருந்ததே ஊருக்கு மறந்துபோய்விட்டது.

அம்மா போன பிறகு அந்த மூன்றையும் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. அதனால்தான் விற்றேன். ஷோகேஸில் இடம் நிறைய இருக்கிறது.

என் மேல் காறித் துப்புகிறீர்களே, முப்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது யார்? ஒரே ஒரு தடவை, தனியாகக் கூப்பிட்டு, "டேய், உங்கண்ணன் லாரி ஓட்டிப் போய்த்தான்டா செத்தாரு" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நானும் நிம்மதியாக வளர்ந்திருப்பேனே அண்ணி!

எனக்குத் தெரிந்த அண்ணன் இல்லவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இருந்தவர் யார்? விருப்பமிருந்தால் எழுதுங்கள். நான் இனி எழுதமாட்டேன்.

கொழுந்தன்


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. உன்னைப் பொய்யன் என்றது தப்பு. ஆனால் நியாயம் கேட்க உனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைக்காதே.

அந்தச் சிப்பாய் வாசலைத் தாண்டுவதற்குள் உன் அம்மா என் கையைப் பிடித்தார். "எம்புள்ள சண்டையில செத்தான்னே இருக்கட்டும்மா. மூட்டை ஏத்திட்டுப் போயி செத்தான்னு யாரு வாயிலயும் வரக் கூடாது." எனக்கு இருபத்துநாலு வயது. தலையாட்டினேன். ஊரே திரண்டு வந்து மலைமேல் செத்தவருக்காக அழுதது. மேடை போட்டுப் பேசினார்கள். என் புருஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எவரோ ஒருவருக்கு நான் விதவையாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடையில் அட்டையைப் பார்த்ததும் அதுதான் பொங்கியது, உன் தலையில் கொட்டிவிட்டேன்.

இருந்தவர் யார் என்று கேட்டாய். பீரங்கிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறவர். வெட்கமே இல்லாமல் எனக்கு எழுதியிருக்கிறார். துப்பாக்கியைவிடத் தராசைப் பிடித்ததுதான் அதிகம். மேலே இருப்பவர்களுக்கு ஆறிப்போன சாப்பாடு போகக் கூடாது என்று பாத்திரங்களைக் கம்பளியில் சுற்றி அனுப்புவார். தன்னுடையதையும் சுற்றி அனுப்பிவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு படுப்பார். குறட்டை சகிக்காது. கண் பார்வை உன்னைவிட மோசம். தேர்வில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஏமாற்றி உள்ளே போனவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசி விடுமுறையில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இவன் நம்மள மாதிரி மக்கு இல்ல" என்றார்.

எனக்கு அவர் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. உனக்குப் போன வாரம்தான் போயிருக்கிறார். அந்தச் சாவுச் செய்தியை நான் திட்டோடு திட்டாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. அவருக்காக அழ இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் இருந்தேன்.

உன் அண்ணி