புதுப்பட்டி வேன் கொதிக்கிறது

4-9-2006, திங்கள்
வெயில். காற்றே இல்லை. இதை எழுதுவது நானே, அறுபத்தாறு வயதில்! விரல் வலிக்கிறது. அதுவும் சந்தோஷம்தான்.

போன வாரம் வேன் முகப்பில் பெரிய தகரப் பலகை கட்டினேன். எங்கள் ஊர்ப் பெயர், ‘எம். புதுப்பட்டி’. என் கையெழுத்து. பொட்டு வைத்து, சூடம் காட்டி. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்த முத்துமாரி என் வேனில்தான் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். “ஏ பெரியப்பா, கல்யாண வண்டி மாதிரில்லா இருக்கு!” என்றாள்.

இன்று கம்பெனி வாசலில் எஞ்சின் கொதித்து ஒரே ஆவி. ஃபோர்மேன் ஓடிவந்தார். “வெடிமருந்து கிடக்கிற இடத்துக்கு இம்புட்டுச் சூட்டோட வருவீகளா? இன்னொரு தரம் கொதிச்சா வேற வேன் பாத்துக்கிடுவோம்.”

தீபாவளி சீசன். இந்த ஓட்டம் போனால் வேறு பிழைப்பு இல்லை.

6-9, புதன்
மெக்கானிக் கருப்பசாமி பட்டறை. சாமி கும்பிட்ட பலகை, அதைத் தொடாமல் உள்பக்கமாகவே ரேடியேட்டரைக் கழற்றினான். தண்ணீர் ஊற்றினான். அடைப்பே இல்லை. திரும்ப மாட்டி ஓடவிட்டோம். மேல் குழாயைத் தொட முடியவில்லை. கீழ்க் குழாயும் அதே சூடு. ரேடியேட்டருக்குள் போன தண்ணீர் ஆறியல்லவா கீழே வர வேண்டும்?

“எஞ்சினப் பிரிக்கணும் அண்ணாச்சி.”

எழுதப் பிடிக்கவில்லை.

8-9, வெள்ளி
பாதி வழியில் மறுபடி கொதித்தது. பெண்கள் இறங்கி நடந்தார்கள். ஃபோர்மேன் மணியைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அதுதான் பயம்.

சாயங்காலம் பட்டறை. கருப்பசாமி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பலகைக்கு முன்னால் பிடித்தான். உள்ளே சுற்றும் ஃபேன் காற்றை இழுத்தால் தாள் ஒட்ட வேண்டும். கீழே விழுந்தது.

“பொட்டு வச்ச பலகைன்னு நானும் கை வைக்காம இருந்துட்டேனே. காத்து போற வழியவே அடைச்சு வச்சிருக்கீக!”

பலகையை நானே அவிழ்த்தேன். அடுத்த தாள் பட்டென்று முகப்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழ்க் குழாயில் கை வைக்க முடிந்தது.

9-9, சனி
மேகம். வண்டியைக் கழுவிவிட்டு, பெண்கள் ஏறும் இடத்துக்குச் சீக்கிரமே போனேன். வேறொரு வெள்ளை வேன் நின்றது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்தே மாத்திட்டாக பெரியப்பா. நாங்க என்ன செய்ய?” முத்துமாரி. ஏறியபின் ஜன்னல் வழியாக, “பலகைய எங்க காணோம்?”

வண்டியை எடுத்தேன்.

சிவகாசி வரை தனியே ஓட்டினேன். இறங்கிக் கீழ்க் குழாயைத் தொட்டேன். நன்றாக ஆறி வருகிறது.